பௌர்ணமியும் தரவும்: திருவண்ணாமலைப் பயணியை நோக்கிய இணையவழிச் சந்தைப்படுத்தல் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்கள் இணையத் தொழில்நுட்பத்தின் வழி நுகர்வோரை அணுகும் முறை, கோயில் நகரான திருவண்ணாமலையில் தனித்தன்மை கொள்கிறது. இங்கு நுகர்வோருள் பெரும்பாலோர் வழிபாட்டுக்காக வருபவர். அவர் வரும் நாளும் முன்கூட்டியே அறியப்பட்டது. இவ்விரண்டும் விளம்பரத்தின் கருவியாவதையும், அதனைக் கட்டுப்படுத்த எழுந்த இந்திய விதிமுறைகளின் போதாமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இணையவழிச் சந்தைப்படுத்தல், கிரிவலம், நுகர்வோர் உரிமை, தனிநபர் தரவு, பொய்யான அவசரம்.

முன்னுரை

காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை வரிசைப்படுத்துகிறது. கள் விற்கும் இடத்தைக் காட்டும் கொடியும் அவற்றுள் ஒன்று. அதனை ஒரு தொன்மையான விளம்பரம் எனக் கொள்ளலாம். தெருவில் செல்லும் அனைவர்க்கும் அக்கொடி ஒன்றாகவே தெரிந்தது. கொடியைக் கண்டவர் யார், அவர் எங்கிருந்து வந்தார், மீண்டும் எப்போது வருவார் என்பன கொடிக்குத் தெரியா. இன்றைய இணைய விளம்பரம் இந்நிலையைத் தலைகீழாக்கியுள்ளது. விளம்பரம் பார்ப்பவரை அறியும். பார்ப்பவர் விளம்பரத்தின் பின்னணியை அறியார். சோசனா சுபோஃப் 2019-இல் வெளியிட்ட நூலில் 'கண்காணிப்பு முதலாளியம்' என இதனை விளக்கினார். அக்கருத்தாக்கம் நுகர்வோரின் நடத்தையை மையமாகக் கொண்டது. திருவண்ணாமலையில் அந்நடத்தை வழிபாடாகவும் இருப்பதால் சிக்கல் கூடுகிறது.

1. நாளும் இடமும்

அண்ணாமலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்குப் பௌர்ணமிதோறும் மக்கள் திரள்கின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று அத்திரள் உச்சம் பெறுகிறது. ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலிருந்து வருவோரும் பலர். பஞ்சாங்கம் உறுதிசெய்யும் தேவை இது. பிற ஊர்களில் நிறுவனங்கள் கணித்தறிய வேண்டிய ஒன்று, இங்கு நாட்காட்டியிலேயே அச்சிடப்பட்டுள்ளது.

சமய நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டு விளம்பரத்தைக் குறிவைப்பதற்குப் பெருந்தளங்கள் வரம்பு விதித்துள்ளன. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, சமய நடைமுறை உள்ளிட்ட உணர்வுநுட்பமான பொருள்கள் சார்ந்த குறிவைப்புத் தெரிவுகளை 2022 சனவரியில் நீக்கியது. வரவேற்கத்தக்கதெனினும் இம்மாற்றம் சிக்கலின் மேற்பரப்பையே தொடுகிறது. பௌர்ணமிக்கு முந்தைய வாரத்தில் திருவண்ணாமலைக்குப் பேருந்தும் அறையும் தேடுபவரின் நோக்கத்தை ஊகிக்க, அவருடைய சமயம் தனியே பதிவாக வேண்டியதில்லை. நாளும் இடமும் சேர்ந்து அதனைச் சொல்லிவிடுகின்றன. ஆசிரமங்களைக் காண வருவோரும் ஆய்வுக்காக வருவோரும் உள்ளமையால் இவ்வூகம் பிழையாகவும் கூடும். அவ்வாறு பிழைத்தாலும் விளம்பரதாரருக்கு இழப்பு சிறிதே.

இந்தியச் சட்டம் இவ்விடத்தில் பின்வாங்கியுள்ளது எனலாம். 2019-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சமய நம்பிக்கையை உணர்வுநுட்பமான தரவு வகையில் வைத்திருந்தது. பின்னர் நிறைவேறிய 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய தனிவகையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையோ சமய நம்பிக்கையை வெளிப்படுத்தும் தரவுக்குச் சிறப்புப் பாதுகாப்பு அளிக்கிறது.

2. 'இரண்டே அறைகள் உள்ளன'

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏய்க்கும் 13 இணைய வடிவமைப்பு உத்திகளை வகைப்படுத்தின. பொய்யான அவசரத்தை உண்டாக்கல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல், கட்டணங்களைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தல் முதலியன அவற்றுள் அடங்கும்.

பொய்யான அவசரம் என்னும் கருத்தைத் திருவண்ணாமலையில் பொருத்திப் பார்க்கும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. பௌர்ணமியன்று ஊரில் அறைத் தட்டுப்பாடு மெய்யானது. ஆனால் முன்பதிவுத் தளத்தில் 'இரண்டே அறைகள்' என்று தோன்றும்போது, அது அவ்விடுதி அத்தளத்திற்கு ஒதுக்கிய அறைகளின் எண்ணிக்கையாக இருக்கலாம். வெளியூரிலிருந்து தேடுபவரோ ஊரிலேயே இரண்டு அறைகள்தாம் எஞ்சியுள்ளன என்னும் அச்சத்திற்கு ஆளாகிறார். சொல் மெய்; அது தரும் பொருள் மயக்கம். குறிப்பாகத் தோற்றுவிக்கும் எண்ணத்தையும் நெறிகள் கருதுகின்றன. எனினும் மெய்யான பற்றாக்குறையின் நிழலில் ஒளியும் மிகைப்படுத்தலை மெய்ப்பிப்பது நுகர்வோருக்கு எளிதன்று.

3. இடைத்தளங்களின் வலிமை

இணையத்தின் நன்மையை மறுத்தற்கில்லை. விளம்பரப் பலகைக்குப் பொருள் செலவிட இயலாத சிறு விடுதியும் இன்று ஐதராபாத்தில் இருப்பவரின் கைப்பேசியில் தோன்றுகிறது. தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகம் கிரிவலத்திற்கான சிறப்புப் பேருந்துகளுக்கு இணையவழி முன்பதிவு வழங்கியமை, தொழில்நுட்பம் பயணிக்கு நேரடியாகப் பயன்படுவதற்குச் சான்று.

ஆயினும் வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடையில் நிற்கும் தளம் இருவரையும் கட்டுப்படுத்தும் வலிமை பெறுகிறது. மேக்மைட்ரிப்–கோஐபிபோ, ஓயோ நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மொத்தம் ₹392 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. விடுதிகள் வேறு வழிகளில் குறைந்த விலைக்கு அறை தரக்கூடாது என மேக்மைட்ரிப் விதித்த நிபந்தனை அவ்வாணையில் ஆராயப்பட்ட சிக்கல்களுள் ஒன்று. இத்தகைய நிபந்தனை செயற்படும் இடத்தில், ஆண்டுதோறும் வரும் பயணிக்குப் பழக்கத்தின் பேரில் விலை குறைக்கும் விடுதியாளரின் உரிமையும் பறிபோகிறது.

சமயத்தின் பெயரே சரக்காவதற்கும் முன்மாதிரி உண்டு. 2024 சனவரியில் 'அயோத்தி இராமர் கோயில் பிரசாதம்' என்னும் பெயரில் இனிப்புகள் விற்கப்பட்டமை குறித்து அமேசானுக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவிக்கை அனுப்பியது. கோயிலுக்குத் தொடர்பின்றி அதன் பெயரால் நம்பிக்கையைத் திரட்டும் விற்பனை, எந்தத் திருத்தலத்திற்கும் நேரக்கூடியது.

முடிவுரை

பற்றாக்குறையைத் தெரிவிக்கும் தளம், அது தன்னிடம் உள்ள அறைகளைப் பற்றியதே என்பதை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். முழுக் கட்டணமும் முதல் திரையிலேயே தெரிதல் வேண்டும். இவ்விரண்டையும் நடப்பிலுள்ள விதிகளின் விளக்கமாகவே கொணர இயலும். மூன்றாவது தேவை சட்டத் திருத்தத்தைக் கோருகிறது: சமயத்தை நேரடியாகக் கேட்டுப் பெற்ற தரவுக்கு மட்டுமன்றி, நாளையும் இடத்தையும் கொண்டு ஊகித்துப் பெற்ற தரவுக்கும் சிறப்புப் பாதுகாப்பு வேண்டும். இதனைச் செய்யாதவரை, மலையை வலம்வரப் புறப்படுபவரின் நம்பிக்கை அவர் அறியாமலேயே விலைபேசப்படும்.