அக்காவுக்கு எத்தனை மார்க்?

கொரட்டூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அக்காவுக்குப் பல வருடமாகப் பெருங்குடலில் புண். மருத்துவச் சீட்டில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றிருக்கும். தினமும் மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் போய், அங்கிருந்து நடந்து பாரிமுனைக் கடையொன்றில் கணக்கெழுதுகிறார். அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது.

இந்த நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கயாட் குழுவினர் 1989இல் வெளியிட்டது. 32 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண், மொத்தம் 224. கூடுதலாக வாங்கினால் நல்ல வாழ்க்கை. குடல், உடல், மனம், சமூக வாழ்வு என நான்கு பகுதிகள். ரத்தம் போகிறதா, எத்தனை முறை போகிறது என்றே பெரும்பாலும் கேட்டுப் பழகிய மருத்துவம், நோயாளிகளிடமே அவர்கள் படும் பாட்டைக் கேட்டு உருவாக்கிய தாள் இது. அந்த மரியாதையை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். கடந்த இரண்டு வாரத்தில் குடல் தொந்தரவால் வேலைக்குப் போகாமல் இருந்தீர்களா? "லீவு போட்டா சம்பளம் யார் தருவா?" ஏழு. வெளியே போவதைத் தள்ளிப் போட்டீர்களா? "எங்கடி போறேன், தள்ளிப் போட?" ஏழு. கழிப்பறை கிடைக்காதோ என்ற பயம்? "ராத்திரி வீட்டுக்கு வந்துதானே சாப்பிடறேன், அப்புறம் என்ன பயம்?" அதற்கும் ஏழு.

பகலெல்லாம் பட்டினி கிடந்து வாங்கிய ஏழு! நோய் எதைத் தடுத்தது என்று தாள் கேட்கிறது. தடுக்க ஒன்றுமே மிச்சமில்லாத வாழ்க்கை அதில் நலமான வாழ்க்கையாகப் பதிவாகிறது. தோசை வார்க்கும்போது நடுவில் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு நான்கு முறை ஓடுவது எந்தக் கட்டத்திலும் சேரவில்லை.

தாம்பத்தியம் பற்றிய கேள்வியை அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தபடி "அதை விடு" என்றார். விட்டுவிட்டேன். நோயால் உறவு குறைந்தால் மதிப்பெண் குறையும் என்பது கணக்கு. வேண்டாம் என்று சொல்ல நோய்தான் ஒரு சாக்காகக் கிடைத்தது என்றிருக்கும் பெண் எந்த எண்ணை வட்டமிடுவாள்?

வேறு விதமாகவும் கேட்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 1990களில் 15 மையங்களில் உருவாக்கிய பொதுவான வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளில் பணம், பாதுகாப்பு, போக்குவரத்து எல்லாம் இருக்கின்றன. அந்த மையங்களில் நம் சென்னையும் ஒன்று. சுற்றியிருக்கும் ஊரும் வாழ்க்கைத் தரத்தில் சேர்த்தி என்று அங்கே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது குடலைத் தனியாகக் கேட்பதில்லை. குடலைக் கேட்கும் தாளோ ரயிலைக் கேட்பதில்லை.

அக்கா அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். பின்பக்கத்தில் ஒரு வாரமாக எப்போது சாப்பிட்டார், எப்போது தண்ணீர் குடித்தார் என்று எழுதி வருகிறார். கணக்கெழுதும் கை, கோடு போட்டு அழகாக இருக்கிறது. அடுத்த முறை டாக்டரிடம் அந்தப் பக்கத்தைத்தான் காட்டப் போகிறாராம்.