மலையை யார் பார்ப்பது?

ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அப்படித்தான். கிழக்கே ஆண்டாள் கோயிலின் கோபுரம், மேற்கே மலை என்று திசை சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் இந்த ஊர்களில் புதிதாக எழும் வீடுகளின் வரைபடத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சமையலறை தென்கிழக்கில் இருக்கும். அது அக்கினி மூலை. தென்மேற்கான கன்னி மூலை குடும்பத் தலைவரின் படுக்கையறைக்கு. ஆக, மேற்கு ஜன்னலும் அதோடு வரும் மலையும் பகலெல்லாம் வெளியே இருப்பவரின் அறைக்குப் போய்விடுகின்றன. பகலெல்லாம் அடுப்படியில் நிற்பவருக்குக் கிடைப்பது பக்கத்து வீட்டுச் சுவர்.

இதை யாரும் சதி செய்து வரைவதில்லை. வழக்கமே வரைந்துவிடுகிறது. அதனால்தான் வீட்டு வரைபடத்தையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும் என்கிறேன். அப்படி வாசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’.

1988இல் வெளியான தொகுப்பின் தலைப்புக் கதை அது. ராஜஸ்தானில் ஒரு பெரிய குடும்பம். குடும்பம் பெருகப் பெருக அறைகளைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய வீடு. அதன் ஒரு மூலையில் வெளிச்சமில்லாத சமையலறை. குழாயடித் தொட்டியில் ஒரு பெரிய தட்டைக்கூட வைக்க முடியாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் காலடியில் தேங்கும். ஈரத்தில் நின்று நின்று பெண்களின் குதிகால் வெடிக்கும். ஜன்னலுக்கு வெளியே பச்சை மலை. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்தை நீட்டலாம், பாத்திரம் கழுவப் பெரிய தொட்டி கட்டலாம் என்று மாமனாரிடம் கேட்கிறாள். அவள் கேட்டது கிடைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடக் கொடி கட்டுகிறார்கள். ஈரத் துணிகள் மலையை மறைத்துவிடுகின்றன.

இந்தக் கதையை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: சமையலறை பெண்ணின் சிறை. தவறில்லை. சமையலறையும் நகையும் கையில் இருந்தால் போதும், அதுவே பலம் என்று வீட்டின் மூத்த பெண்கள் நம்ப வைக்கப்பட்டிருப்பதையும், அது பலமே அல்ல என்று மீனாட்சி மாமியாரிடம் சொல்வதையும் கதை நேரடியாகவே வைக்கிறது. ஆனால் சிறை என்ற ஒரு சொல்லில் நிறுத்திக்கொண்டால் அந்தத் தொட்டியை மறந்துவிடுவோம். வெடித்த குதிகாலை உருவகமாக்கிவிடுவோம். அம்பை தொட்டியின் அளவைச் சொல்கிறார், தண்ணீர் போகும் வழியைச் சொல்கிறார், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று சொல்கிறார். ஒரு கொத்தனார் குறித்துக்கொள்ளக்கூடிய விவரங்கள் அவை. பெண்ணின் உடல் அங்கேதான் தேய்கிறது என்று தெரிந்து எழுதிய விவரங்கள்.

ஒருமுறை மாணவிகளிடம், உங்கள் வீட்டின் படத்தை வரைந்து அம்மா உட்காரும் இடத்தைக் குறியுங்கள் என்றேன். சத்திரப்பட்டியிலிருந்து வருகிற பெண் முதலில் தறியை வரைந்தாள். மிச்ச இடத்தில்தான் வீடு. அப்பாவின் நாற்காலி, தம்பி படிக்கும் மேசை, தாத்தாவின் கட்டில் எல்லாம் வந்துவிட்டன. அம்மாவிடம் வந்ததும் பல பென்சில்கள் நின்றுவிட்டன. “அம்மா உக்கார மாட்டாங்க மேடம்” என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதையே எண்ணில் சொல்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்; ஆண் 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒருவர் நின்று வேலை செய்யும் இடத்தை, அங்கே நிற்காத இருவர், அதாவது வீட்டுக்காரரும் பொறியாளரும், ஒரு காகிதத்தின் மேல் குனிந்து முடிவு செய்கிறார்கள். கதையில் நடப்பதும் இதுதான். மீனாட்சி கேட்ட இடத்தில் கொடி வந்ததற்குக் காரணம் மாமனாரின் கெட்ட மனம் மட்டுமல்ல. அவர் அந்த ஈரத்தில் நின்றதில்லை.

நிற்கிறவரே வரைந்தால் சரியாகிவிடுமா? இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஒவ்வொரு அசைவையும் அளந்து, வீண் நடையைக் குறைத்து, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் வைத்தார். பெண்ணின் நேரத்தை மீட்பதே நோக்கம். இன்று நம் ஊர்க் கடைகளில் விற்கும் மாடுலர் கிச்சனுக்கு அது பாட்டி. ஆனால் அந்த ஒடுங்கிய அறையில் ஒருவர்தான் நின்று வேலை செய்ய முடியும் என்று பின்னால் வந்த பெண்ணியவாதிகள் சுட்டிக்காட்டினார்கள். வேலை எளிதானது, ஆனால் அது ஒருத்தியின் வேலை என்பது இன்னும் உறுதியானது.

ஆகவே, வீட்டை மாற்றிக் கட்டும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வேலை செய்கிற உடம்புக்கு இது நல்லதா? இந்த வேலை ஒரே உடம்பின் மேல் விழுவதை இது மாற்றுமா? மேடையின் உயரம், நறுக்குகிறவரின் முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பது முதல் கேள்வியின் பதில். இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நிற்க இடம் இருக்க வேண்டும் என்பது இரண்டாவதன் பதில். ஹாலைப் பார்த்துத் திறந்த சமையலறை நன்றா என்று கேட்கிறார்கள். ஹாலில் இருப்பவர் எழுந்து வந்து தட்டைக் கழுவுவார் என்றால் நன்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே “காபி” என்று கேட்பதற்கு வசதி என்றால், மறைக்கும் சுவரே மேல். மேற்கில் சமையலறை வைத்தால் பிற்பகல் வெயில் முகத்தில் அடிக்கும், ஆடிக் காற்று அடுப்பை அலைக்கழிக்கும் என்று சொல்வது நியாயம்தான். அதற்கு அகலமான சன்ஷேடும் சரியான இடத்தில் அடுப்பும் போதும். அக்கினி மூலைக்குக் கொடுக்கும் மரியாதையில் கொஞ்சத்தை நிற்கிற காலுக்கும் கொடுக்கலாம்.

வரைபடத்துக்கு முன்னால் வருவது பத்திரம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தியது 1989இல். நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. கட்டணம் குறைகிறது என்பதற்காகப் பெயர் எழுதி, முடிவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஆண்களையும் பார்க்கிறோம். இருந்தாலும் பத்திரத்தில் பெயர் இருப்பவள் தாழ்வாரத்தை நீட்டலாமா என்று அனுமதி கேட்க வேண்டியதில்லை. மீனாட்சியின் வாக்கியத்தில் இருந்த கேள்விக்குறி அங்கே உதிர்கிறது.

எங்கள் ராஜபாளையம் வீட்டை மாற்றிக் கட்டியபோது இதையெல்லாம் படித்தவள் என்ற தைரியத்தில் நான் பேசினேன். வரைபடம் என் தம்பியின் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. பழைய வீட்டில் பின்கட்டில் அங்கணம். அதன் மேல் மேற்கே ஒரு சின்ன ஜன்னல். புதிய படத்தில் அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம். அம்மா நாற்பது வருடம் மலையைப் பார்த்த ஜன்னல் அது, சமையலறையை மேற்கே கொண்டுவந்து அதைப் பெரிதாக்க வேண்டும் என்று வாதாடினேன். அம்பையின் கதையை முடித்துவைக்கப் போகிறேன் என்ற பெருமிதம் எனக்கு. தம்பி ஒப்புக்கொண்டான். பொறியாளரும் பென்சிலை எடுத்தார். அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

“பாத்திரம் தேய்க்கும்போதா நான் மலையப் பாத்தேன்னு நெனச்ச? கை கரியா இருக்கும், கண்ணு தண்ணிமேல இருக்கும். வேலையில்லாம உக்காந்து பாக்கணும் எனக்கு.”

நானும் அவளைக் கேட்டிருக்கவில்லை. அவள் சார்பாகப் பேசினேன், மீனாட்சியைப் போல. அம்மாவை அடுப்படியில் வைத்தே யோசித்தேன், தம்பியைப் போல.

இப்போது அந்த வீட்டில் சமையலறை நடுவில் இருக்கிறது, மூன்று பேர் நிற்கலாம். கார் தெருவில் நிற்கிறது. தம்பிக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. மேற்கே ஒரு திண்ணை, முதுகு சாய்க்கச் சரிவோடு. சாயங்காலம் அம்மா அங்கே உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் யாருக்காவது காபி வேண்டுமென்றால் அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் மாதம் மிகவும் சிரமப்பட்டார்கள். பிறகு பழகிவிட்டது.