எஞ்சினைக் கட்டிப்போடும் கலை: சாலிட் மவுண்டிங்கை எப்படி ரசிப்பது

வேகத்துக்காகத் தயார் செய்த ஒரு காரின் பானட்டைத் திறந்தால் எல்லோர் கண்ணும் டர்போவிலும் இன்டேக் குழாயிலும் போய் நிற்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வண்டியின் உடலோடு பிணைத்திருக்கும் மூன்று நான்கு மவுண்டிங்குகளை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஓசூர்ப் பக்கத்து ஆட்களாவது குனிந்து பார்க்க வேண்டும். 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து சாலைக்கு இறங்கியது. அன்றுமுதல் இந்த ஊரின் பிழைப்பே புஷ், ஸ்பேசர், பிராக்கெட் என்று வாங்குபவர் கண்ணில் படாத உருப்படிகளால் நடக்கிறது. ரப்பரைத் தூக்கிவிட்டு, அலுமினியத்திலோ எஃகிலோ அளவெடுத்துச் செய்து மாட்டும் சாலிட் மவுண்டிங் அந்த வகையில் மிகச் செறிவான உருப்படி. அதைப் பார்க்கும் பலர் அதன் முரட்டுத்தனத்தை மெச்சுகிறார்கள், அல்லது பளபளப்பை. இரண்டுமே மேலோட்டமான ரசனை என்பது என் கருத்து. எந்தத் திசையில் அசையக் கூடாது, எந்தத் திசையில் அசைந்துகொள்ளலாம் என்று செய்தவர் எடுத்த முடிவில்தான் அதன் அழகு இருக்கிறது. அந்த முடிவை உலோகத்தில் படிக்கக் கற்றுக்கொண்டால் இந்தச் சிறு கட்டி சலிக்கவே சலிக்காது.

முதலில் மவுண்டிங் என்ன சுமக்கிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் எடை அதில் சின்னப் பங்குதான். இறுகிய நட்டை ஸ்பேனரால் திருகும்போது நட்டு நம் கையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறதே, அதைப்போல எஞ்சின் சக்கரத்தைத் திருப்பும்போது சக்கரம் எஞ்சினை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கிறது. குறுக்காக எஞ்சின் வைத்து முன்சக்கரத்தை ஓட்டும் ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் டார்க் 150 நியூட்டன் மீட்டர், முதல் கியரின் விகிதம் 3.5, ஆக்ஸிலைத் திருப்பும் இறுதிக் கியர் ஜோடியின் (ஃபைனல் டிரைவ்) விகிதம் 4 என்று வைத்தால் ஆக்ஸிலுக்கு வருவது 2,100 நியூட்டன் மீட்டர். அதே 2,100 எஞ்சின் உடலை எதிர்ப்பக்கம் உருட்டப் பார்க்கிறது. உருளாமல் பிடிக்கும் கீழ் மவுண்டிங் 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அதன் மேல் விழுவது ஏறத்தாழ 5,250 நியூட்டன், அதாவது அரை டன்னுக்கும் மேற்பட்ட எடை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு, கிளட்சை விடும் ஒவ்வொரு முறையும் இதைத் தாங்குகிறது. காலை எடுத்தால் விசை திசை மாறி இழுக்கிறது. இந்தக் கணக்கு மனதில் ஏறிய பிறகு மவுண்டிங்கை வெறும் தாங்கியாகப் பார்க்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் உழைத்து எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவே ரப்பரைக் கொண்டுவந்தன. அதைப் பிடுங்கிவிட்டு உலோகக் கட்டியை வைப்பதில் ரசிக்க என்ன இருக்கிறது? ஆட்சேபத்தின் முன்பாதி முழு உண்மை. 1931இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளைமவுத் காரில் ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்ற பெயரில் எஞ்சினை ரப்பர்மேல் மிதக்கவிட்டது. நான்கு சிலிண்டர் வண்டியில் உட்காருபவரின் பல் கிட்டுவது குறைந்தது. சிட்ரோயன் உரிமம் வாங்கித் தன் கார்களில் அதைப் போட்டது. இதன் இயற்பியலும் தெளிவானது. மவுண்டிங்மேல் நிற்கும் எஞ்சினைத் தட்டிவிட்டால் அது தன்போக்கில் ஆடும் ஒரு வேகம் உண்டு. வரும் அதிர்வு அந்த வேகத்தைப்போல் 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மவுண்டிங் அதைக் குறைக்கத் தொடங்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால் நொடிக்கு 25 உதறல். ஆகவே மவுண்டிங்கின் சொந்த ஆட்டம் நொடிக்குப் பதினேழுக்கும் கீழே இருக்க வேண்டும். அவ்வளவு மெதுவாக ஆடவேண்டுமென்றால் அது இளகியே ஆக வேண்டும். அலுமினியக் கட்டிமேல் நிற்கும் எஞ்சினின் சொந்த ஆட்டம் இந்த எல்லைக்கு எங்கோ மேலே. ஐடில் உதறல் ஒன்றைக்கூட அது வடிகட்டாது.

ஆனால் ரப்பர் இலவசமாக எதையும் தருவதில்லை. எஞ்சின் உருண்டால் கியர் லிவரோடு இணைந்த தண்டும் உருளும். வேகமாகக் கியர் மாற்றும்போது பல் தப்பும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முதலில் ரப்பர் நசுங்கும், பிறகுதான் சக்கரம் கேட்கும். டயர் பிடித்தும் வழுக்கியும் போகும் தருணத்தில் ரப்பர் விழுங்கிய விசையைத் திருப்பித் துப்பி முன்சக்கரத்தைத் துள்ளவைக்கும். பந்தயத்தில் இந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. ஐந்து பேர் ஏறி ஊருக்குப் போகும் வண்டியில் பதில் ரப்பர்தான். பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டியில் பதில் வேறு. கேள்வியே மாறிவிடுவதால் விடையும் மாறுகிறது.

இதற்கு 1967ஆம் ஆண்டைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அந்த ஜூன் 4ஆம் தேதி நெதர்லாந்தின் சாண்ட்வூர்ட் தடத்தில் லோட்டஸ் 49 கார் தன் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்கின் கையில் வென்றது. அதன் கோஸ்வொர்த் டிஎஃப்வி எஞ்சினுக்குப் பின்னால் சட்டமே கிடையாது. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னிருந்த சுவரில் எஞ்சினை போல்ட் போட்டு முடுக்கி, பின்சக்கரங்களின் சஸ்பென்ஷனை எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் தொங்கவிட்டார்கள். இதைவிடச் சாலிடான மவுண்டிங் இருக்க முடியாது என்று தோன்றும். உற்றுப் பார்த்தால் வேறு கதை. கீழே போல்ட் இறுக்கம். மேலேயோ சிலிண்டர் தலைகளைப் பிடித்தவை மெல்லிய தகடுகள். அரை மீட்டர் நீள அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் வளரும். எல்லாப் பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தால் எஞ்சின் தன்னையோ சுவரையோ கிழித்திருக்கும். தகடு தன் தளத்தில் இரும்புபோல் நிற்கும், குறுக்கே வளைந்துகொடுக்கும். வளைவு வரும்போது வண்டியின் விசையைத் தாங்கு, சூட்டில் எஞ்சின் விரியும்போது விட்டுக்கொடு என்ற இரண்டு கட்டளையையும் அந்த எஞ்சினை வடிவமைத்த கீத் டக்வொர்த் ஒரு தகட்டில் எழுதிவிட்டார்.

அதே ஆண்டு, இங்கிலாந்தின் நார்ட்டன் நிறுவனம் கமாண்டோ மோட்டார் சைக்கிளை அறிமுகம் செய்தது. 2020 ஏப்ரலில் டிவிஎஸ் வாங்கியது இதே நார்ட்டன் பெயரைத்தான். அதனால் இந்தக் கதையில் ஓசூருக்கும் ஒரு பாத்தியதை வந்துவிட்டது. கமாண்டோவின் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும்; 750 சிசியில் அந்த உதறல் கையை மரக்கச் செய்யும். ஆகவே எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைப் பிடிக்கும் கை மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டையே ரப்பர்மேல் தொங்கவிட்டார்கள். ‘ஐசோலாஸ்டிக்’ என்று அதற்குப் பெயர். மேலும் கீழும் தாராளமாக ஆடலாம்; பக்கவாட்டில் மட்டும் அனுமதித்த இடைவெளி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர், அதையும் ஷிம் வைத்துச் சரிசெய்தார்கள். இடைவெளி கூடினால் வளைவில் வண்டி தத்தளிக்கும், குறைந்தால் உதறல் கைக்குத் திரும்பிவிடும். ஒன்று உலகின் பேர்பெற்ற சாலிட் மவுண்டிங், மற்றது பேர்பெற்ற ரப்பர் மவுண்டிங். இரண்டிலும் மேதைமை ஒரே இடத்தில்தான்: திசை பார்த்து விறைப்பைப் பங்கிட்டதில். சாலிட் என்றும் ரப்பர் என்றும் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இந்தக் கண்ணோடு ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் பார்க்க நிறைய இருக்கிறது. தனியாகச் செய்யும் மவுண்டிங்கில் வேலை தொடங்குவது உலோகத்தில் இல்லை, இடத்தில். எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, ஆக்ஸில் இருபுறமும் நேராகப் போகிறதா, கீழே சம்ப் தரையில் இடிக்குமா என்று பார்த்து நிறுத்துகிறார்கள். பிறகு அட்டையில் வெட்டிப் பார்த்து, தகட்டில் வெட்டி, வண்டியிலேயே இரண்டு மூன்று இடத்தில் டேக் வைத்து, வெளியே எடுத்து ஜிக்கில் கட்டி முழு வெல்டிங் செய்கிறார்கள். வெல்டிங் ஆறும்போது தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் நல்ல பட்டறை போல்ட் துளையை முதலிலேயே முழு அளவுக்கு எடுக்காது. சிறிதாக விட்டுவைத்து, வெல்டிங் ஆறிய பின் இறுதி அளவுக்கு போரிங் செய்யும். ஒரு மவுண்டிங்கைக் கையில் எடுத்து, துளையின் உள்சுவர் புதிதாகச் சீவியதுபோல் பளிச்சென்றும் பக்கத்தில் வெல்டிங்கின் நீலச் சூட்டுநிறம் படியாமலும் இருந்தால், வரிசை தெரிந்த கை அதைச் செய்திருக்கிறது என்று பொருள். உள்மூலைகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். கூர்மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். வளைவு கொடுத்திருந்தால் விசை திரும்பிப் போக வழி இருக்கிறது. போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கிறார்களா, இரு காதுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவதில் போல்ட் வளைய இடமில்லை. போல்ட் தலையில் 10.9 என்றிருந்தால் அறுவதற்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 1,000 நியூட்டன் வேண்டும், அதில் 90 சதவீதத்திலேயே அது நிரந்தரமாக நீளத் தொடங்கும். அலுமினியத்துக்குக் களைப்பு எல்லை கிடையாது. எவ்வளவு சின்ன விசையானாலும் போதிய முறை அடித்தால் ஒருநாள் விரிசல் விடும். ஆகவே தடித்த அலுமினிய மவுண்டிங்கைப் பார்த்து இவ்வளவு கனமா என்று கேட்பதற்குமுன், எத்தனை லட்சம் உதறலுக்கு அது நிற்கவேண்டும் என்று யோசிக்கலாம்.

வண்டியில் மாட்டிய பிறகு ஒரு மவுண்டிங்கைத் தனியாக மதிப்பிட முடியாது. கூட்டத்தைத்தான் மதிப்பிட வேண்டும். எஞ்சினைப் பழைய ரப்பரில் விட்டுவிட்டு கியர்பாக்ஸை மட்டும் சாலிடாகக் கட்டிய வண்டிகள் உண்டு. எஞ்சின் உருளப் பார்க்கும், கியர்பாக்ஸ் விடாது. நடுவில் மாட்டிக்கொள்வது கியர்பாக்ஸின் வார்ப்பு உடல். அதன் காது ஒடியும். நான்கு மூலையையும் சாலிடாக்கினால் வேறு சிக்கல்: மூன்று புள்ளி ஒரு தளத்தைத் தானே அமைத்துக்கொள்ளும், நான்காவது புள்ளி அதோடு பொருந்தாவிட்டால் வண்டியின் உடல் முறுகும் ஒவ்வொரு முறையும் எஞ்சினும் சேர்ந்து முறுகும். நல்ல அமைப்பில் ஒரு புள்ளி வேண்டுமென்றே இளகியிருக்கும், அல்லது துளை நீள்வட்டமாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ரசனையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அப்படியானால் எல்லாவற்றுக்கும் பாலியூரித்தேன் போட்டுவிட்டால் போதுமே என்று கேட்கலாம். சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான வண்டிக்கு அது சரியான பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே அளவு விறைப்பைத் தருகிறது; திசை பார்த்துப் பங்கிடும் வேலை அதன் வடிவத்திலும் உலோக உறையிலும்தான் மறுபடி செய்யப்பட வேண்டும்.

கண்ணுக்கு அடுத்து உடம்பு. நேரடியாக போல்ட் போட்டுக் கட்டிய எஞ்சினுக்கும் ரப்பரில் தொங்கும் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாட்டை உணர கார் தேவையில்லை. டிவிஎஸ் ஸ்கூட்டரில் எஞ்சினும் பின்சக்கரமும் ரப்பர் புஷ் கொண்ட இணைப்பில் தொங்குகின்றன. ஓசூரிலேயே தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310இல் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் குழாய்ச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. உதறலைக் குறைக்கும் வேலையை எஞ்சினுக்குள் சுழலும் பேலன்ஸர் தண்டு செய்கிறது. 2017இல் அறிமுகமான வடிவில் அதிகபட்ச சக்தி வந்தது நிமிடத்துக்கு 9,700 சுற்றில், அதாவது நொடிக்கு நூற்றறுபதுக்கும் மேற்பட்ட சுழற்சி. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டி, உதறல் கால்வைக்கும் இடத்தில் வருகிறதா, கைப்பிடியில் வருகிறதா, எந்தச் சுற்றில் எழுந்து எந்தச் சுற்றில் அடங்குகிறது என்று கவனித்தால் காது பழகிவிடும். காரில் இதைப் பார்க்க கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பாதை பிரிகிறது: சென்னை சாலையில் இருங்காட்டுக்கோட்டை தடம், சேலம் வழியே போனால் கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே. கரியில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் மாணவர்கள் பைக் எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் கட்டி வருவார்கள். மவுண்டிங்கை முழங்கை தூரத்தில் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. சாலை வண்டியில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிடுவது நல்லது. தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றுவதற்கு அங்கே வரம்பு இருக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கடைசி ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. போர்ஷே 911 ஜிடி3 காரில் காந்தப்புலத்தால் கெட்டியாகும் திரவம் கொண்ட மவுண்டிங் வந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. மெதுவாகப் போகும்போது இளகுகிறது, விரட்டும்போது விறைக்கிறது. ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் பிஸ்டனே இல்லாத வண்டிகளைச் செய்கின்றன. இனி சாலிட் மவுண்டிங்குக்கு என்ன வேலை என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் மின்மோட்டாரில் போனது உதறல் மட்டும்தான். டார்க் கணத்தில் முழுதாக வருகிறது. காலை எடுத்ததும் மோட்டார் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கினால் அதே கணத்தில் திசை மாறுகிறது. கியர் பற்களின் கீச்சொலி நொடிக்கு ஆயிரக்கணக்கான அதிர்வாக உடலுக்குள் ஏறப் பார்க்கிறது. அதை மறைக்க எஞ்சின் சத்தமும் கிடையாது. ஆகவே உருளும் விசைக்கு உலோகம்போல் விறைப்பாகவும், மெல்லிய கீச்சொலிக்கு இளகியும் இருக்கும் மவுண்டிங் வேண்டும்: 1967இல் இரண்டு பேர் இரண்டு விதமாகத் தீர்த்த அதே கணக்கு, இம்முறை திசைக்குப் பதில் அதிர்வின் வேகம் பார்த்துப் பங்கிட வேண்டியிருக்கிறது. லேத்திலும் ஆர்கான் வெல்டிங்கிலும் அந்தப் பங்கீட்டைக் கையால் பழகிய பட்டறைகளுக்கு இதிலும் வேலை இருக்கிறது.