‘பூனாச்சி’ முன்னுரையும் கொங்குக் குசும்பும்

ஈரோட்டுக்குக் கிழக்கே, காவிரிக்கு அப்பாலுள்ள திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட ‘மாதொருபாகன்’ (2010) நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், தம்முள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாகப் பெருமாள்முருகன் 2015 சனவரியில் அறிவித்தார். 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நாவலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ வெளிவந்தது.

அதன் முன்னுரை தனித்து ஆராயத்தக்கது. மனிதரைப் பற்றி எழுத அச்சம். தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம். மாடும் பன்றியும் எழுதக்கூடாதவை. நாயும் பூனையும் கவிதைக்குரியவை. இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கி ஆசிரியர் ஆட்டிடம் வந்து சேர்கிறார். யாரையும் குறைகூறும் சொல் ஒன்றும் இல்லை. கொங்கு வழக்கில் ‘குசும்பு’ எனப்படும் முகம் மாறாத கேலி இது, பணிவே குத்தலாகிறது. விலக்கப்பட்டவற்றின் பட்டியலே, விலக்கிய சமூகத்தின் சித்திரமாகவும் அமைகிறது.

நாவலினுள் இக்குரல், ஆட்டுக்குட்டிகளுக்குக் காது குத்துவதற்காக வரிசையில் நிற்கும் மக்களின் பேச்சில் தொடர்கிறது. தம் பேச்சு அரசின் காதில் விழுமோ என்று அஞ்சுவோர், அரசு ஆணைப்படி ஆட்டின் காதைத் துளைக்கக் கொடுக்கின்றனர்! பூனாச்சியின் காதலும் ஈற்றுத் துயரும் மேலோங்கும் பிற்பகுதியில் அங்கதம் மெலிந்துவிடுவது இழப்பே. வரிசைக் காட்சியின் கூர்மையை நாவல் மீண்டும் எட்டுவதில்லை. ‘மாதொருபாகன்’ திருச்செங்கோட்டைப் பெயர் சொல்லி அழைத்தது, ‘பூனாச்சி’ அழைப்பதில்லை.