மண் காத்ததை மக்கள் காத்தனரா?

கடலூரிலிருந்து கிருமாம்பாக்கம் வழியே புதுவை செல்வோர், அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் அரிக்கமேட்டை அடையலாம். உரோமாபுரியோடு வாணிகம் நடத்திய ஊர் என்று மேடைதோறும் முழங்குகிறோம், ஏடுதோறும் எழுதுகிறோம். நேரில் சென்று பார்ப்பவர் காண்பதென்ன? தோப்பு, ஆற்றங்கரை, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய கட்டடத்தின் இடிபாடு. பழந்தமிழன் வாழ்ந்த சுவடு எங்கே?

1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தார். மறு ஆண்டே அறிக்கை வெளிவந்தது. மண்ணடுக்குகளை ஒழுங்குற விளக்கி, தென்னாட்டு வரலாற்றுக்குக் காலக்கணக்கு வகுத்த அருமையான அறிக்கை அது. அந்த விரைவும் பாராட்டத்தக்கதே. ஆயினும், உருளைக்கோட்டு அணியுடைய பானை வகையை மேலைநாட்டு இறக்குமதி என்று அது கொண்டது. அந்த ஓடுகளையும் பதிவுகளையும் மீண்டும் ஆராய்ந்த விமலா பெக்லி, 1983இல் அம்முடிவுகளை மறுபரிசீலனைக்கு உட்படுத்தினார். 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து அங்கேயே அகழ்ந்தார். உரோம வாணிகத்துக்கு முன்பே ஊர் இருந்தது என்பதும், அப்பானை இந்நாட்டுக் களிமண்ணில் வனைந்ததே என்பதும் தெளிவாயின.

நம் குயவன் கைத்திறன் நமக்கே மீண்டது எதனால்? ஓடு எஞ்சியிருந்ததனால்! பொருள் அழிந்திருந்தால், பிழையே வரலாறாய் நிலைத்திருக்கும் அன்றோ?

அறுத்த கதிரை மீண்டும் தாளில் பொருத்த இயலாது. வெட்டிய மண்ணடுக்கும் அத்தகையதே. ஆதலால், காப்பவர் வரவேண்டிய இடம் அருங்காட்சியகம் மட்டுமன்று, அகழ்குழியுமாகும். கடலோர மண்ணில் உப்பு மிகுதி. அது ஊறிய பானை வெயிலில் உலர்ந்தால், உப்பு படிகமாகி மேற்பரப்பை உதிர்க்கும். அதிற் கீறிய எழுத்தும் உதிரும். இரும்போ, காற்றுப் பட்டதும் விரைந்து துருவேறி வெடிக்கும். ஈரத்தில் கிடந்த மரம் உலர்ந்தால் சுருங்கும். மண்ணுக்குள் ஈராயிரம் ஆண்டு கிடந்தது, மேலே வந்த சில நாளில் மாளும்!

அதற்காக, காப்பவர் சொல்வதே சட்டம் என்பதும் தகாது. கரித்துண்டின் மேல் பசை பூசினால் காலக்கணிப்பு கெடும். சாடியைத் தேய்த்துக் கழுவினால், அதில் இருந்தது மதுவா எண்ணெயா என்று சொல்லும் கறை போய்விடும். எதை முதலில் ஆராய்வது, எதை முதலில் காப்பது என்பதை இருவரும் குழியருகே நின்று முடிவு செய்தல் வேண்டும்.

சீனத்தில் 1974இல் வெளிப்பட்ட சுடுமண் படைவீரர் சிலைகளின் வண்ணம், காற்றுப் பட்ட சில நிமிடங்களில் சுருண்டு உதிர்ந்தது. செருமானிய வல்லுநரோடு கூடி உழைத்து, ஈரம் உலருமுன்பே வண்ணத்தை நிலைப்படுத்தும் முறையைக் கண்டனர். அத்தகைய அறிவு நமக்கு அயலானதா? இல்லை. சென்னை அருங்காட்சியகத்தில் 1930இலேயே பரமசிவன் வேதியியல் காப்புக்கூடத்தைத் தொடங்கினார். வீலர் வருவதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்பே! அந்த அறிவைக் குழியின் விளிம்புக்குக் கொண்டுவருவதே வேண்டுவது.

கீழடியில் 2023இல் அருங்காட்சியகம் எழுந்தது, மகிழ்கிறோம். ஆனால் மாளிகை மட்டுமே காப்பாகாது. அகழாய்வுக்குப் பணம் ஒதுக்கும் நாளிலேயே காப்புப் பணிக்கும் ஒதுக்குக! குழுவில் முதல் நாளே காப்பு வேதியியலாரையும் சேர்த்திடுக! பாகூர் வட்டாரத்து இளைஞர்க்கு இத்தொழிலைப் பயிற்றுக!

பழம்பெருமை பேசுவது எளிது. பானையோட்டைக் காப்பது அரிது. அரியதைச் செய்யாதார் எளியதைப் பேசுவதால் வரலாறு வாழாது.