கவீத்தாவுக்கே முதலிடம்

கோஸ்டாரிக்காவில் எந்த ஊர் அழகு என்று கேட்டால் விடை கிடைக்காது. 51,100 சதுர கிலோமீட்டருக்குள் இருபுறமும் கடல், நடுவே எரிமலைகள், மேகம் தங்கும் காடு. எல்லாமே அழகுதான். நான் உரைத்துப் பார்க்கும் கல் வேறு: பயணி வந்து போன பிறகு, அந்த மண்ணில் வாழ்கிறவர்களின் சொல் அங்கே செல்லுபடியாகிறதா?

இந்தக் கல்லில் வடமேற்கிலுள்ள குவானகாஸ்தே மாகாணத்துக் கடற்கரை நிறம் மங்குகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை அருகிவிடும். விடுதிகள் நிரம்பி வழிவதும் அதே மாதங்களில்தான். தண்ணீர் குறைகிற நேரத்தில் நீச்சல் குளங்களும் கோல்ஃப் புல்வெளிகளும் தண்ணீர் கேட்கின்றன. தங்கள் நிலத்தடி நீரைக் கடலோரத்துக்குக் குழாய் வழியே கொண்டுபோகும் திட்டத்தைச் சர்தினால் ஊர் மக்கள் 2008இல் எதிர்த்து நின்றது வேறு வழியில்லாமல்தான். அதே மாகாணத்தில் உயிரியலாளர்களான டேனியல் ஜான்ஸெனும் வின்னி ஹால்வாக்ஸும் மேய்ச்சல் நிலத்தை மறுபடி வறண்ட காடாக்கிய பெரும்பணியும் நடந்திருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவரை நான் தடுக்க மாட்டேன்.

மனுவேல் அந்தோனியோ தேசியப் பூங்காவில் குரங்கையும் தேவாங்கு போல மெல்ல நகரும் ஸ்லாத்தையும் பார்க்கச் சிரமமே இல்லை. அதனால்தான் அத்தனை கூட்டம். அந்தச் சிறிய பூங்கா நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து மூச்சு விடுகிறது.

மேகக்காடு சூழ்ந்த மோன்தேவெர்தே எளிதில் தள்ளிவிடக்கூடிய இடமல்ல. கட்டாய ராணுவப் பதிவை மறுத்துச் சிறை சென்றவர்களும் அடங்கிய, போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர் குடும்பங்கள் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து 1951இல் இங்கே வந்து குடியேறின. 1948இல் ராணுவத்தையே கலைத்த நாடு இது என்பதுதான் ஈர்ப்பு. மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்தார்கள். ஓடைகள் வற்றக்கூடாது என்று மேல்மலைக் காட்டை வெட்டாமல் விட்டார்கள். 1972இல் உருவான காப்பகத்துக்கு அந்த முன்யோசனை உதவியது. ஆனாலும் அங்கே மட்டுமே வாழ்ந்த பொன்னிறத் தேரையை 1989க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பூஞ்சை நோய், சூடேறும் காற்று என்று காரணங்களை ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். காவல் இருந்தும் நேர்ந்த இந்த இழப்பை மறந்துவிட்டுக் கம்பிவடத்தில் சறுக்கித் திரும்புகிறவர் மோன்தேவெர்தேயைப் பார்த்தவர் ஆகமாட்டார். அதற்கு இரண்டாம் இடம்.

முதலிடம் கரீபியக் கரையில், லிமோன் மாகாணத்துக் கவீத்தாவுக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஆமை பிடிக்க வந்து தென்னையும் கோகோவும் வைத்துத் தங்கிய கறுப்பின மக்களின் ஊர் அது. அவர்களின் நிலத்தின் மேல்தான் 1970இல் அரசு பாதுகாப்பு எல்லையைப் போட்டது. அது பின்னர் தேசியப் பூங்காவானது. 1994இல் வெளிநாட்டவருக்கான பூங்காக் கட்டணம் ஒரேயடியாகப் பலமடங்கு ஏறியபோது, பயணிகள் வராமல் போவார்கள் என்று கண்ட ஊரார் நுழைவாயிலைத் தங்கள் கையில் எடுத்து, விரும்பியதைக் கொடுங்கள் என்றார்கள். அரசு பின்னர் அவர்களோடு சேர்ந்து பூங்காவை நடத்த ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட வெற்றி வேறெந்தக் கடலோரத்திலும் எளிதில் வாய்க்காது. வால்டர் ஃபெர்குசன் (1919–2023) கலிப்சோ எனும் கரீபியப் பாடல்களை ஒவ்வொரு கேசட்டாகத் தானே பாடிப் பதிந்து பயணிகளுக்கு விற்றதும் இந்த ஊரில்தான்.

குறையையும் சொல்ல வேண்டும். 1991 ஏப்ரல் நிலநடுக்கம் இங்குள்ள பவளத்திட்டின் ஒரு பகுதியை நீருக்கு மேல் தூக்கிவிட்டது; ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் பவளத்தை மூச்சடைக்க வைக்கிறது. வண்ணப் பவளத்துக்காக மட்டும் வருகிறவர் ஏமாறுவார். அதற்காக என் தீர்ப்பை மாற்றமாட்டேன். செப்டம்பர், அக்டோபரில் பசிபிக் கரை மழையில் நனைந்து கிடக்கும்போது இந்தப் பக்கம் மழை குறைந்து கடல் தெளிந்திருக்கும். அப்போது போங்கள், ஊர்க்காரர் ஒருவரையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.