அல்லியின் அரசும் நம் ஏளனமும்

ஜங்லிகாட் மீன் இறங்குதுறையை ஒட்டிய தெருக்களில் மாலை வேளையில் நடந்தால், ‘அந்த வீட்டில் அல்லி ராஜ்யம்’ என்ற சொல் இன்றும் காதில் விழும். கணவன் கப்பலிலோ படகிலோ பல நாள் கடல்மேல் இருக்க, குடும்ப அட்டை முதல் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரை தானே பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் குறித்து வரும் சொல் அது. பாராட்டாக அதனை யாரும் சொல்வதில்லை. தாயகத்திலிருந்து நாம் இத்தீவுக்குக் கொண்டுவந்த பொருள்களுள் இந்த ஏளனமும் ஒன்று.

ஏளனத்துக்கு மூலமான ‘அல்லி அரசாணி மாலை’யைப் படித்தவர் இன்று மிகச் சிலரே. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கினும், அதன் நடை நளவெண்பாப் பாடியவரின் காலத்துக்கு மிகப் பிற்பட்டது என்பர் ஆராய்ச்சியாளர். ‘பெரிய எழுத்து’ப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்றமையாலேயே புலவர் பலர் இதனைத் தீண்டவில்லை. இலக்கியம் எதுவெனக் காகிதத்தின் தரத்தைக்கொண்டு முடிவுசெய்யும் வழக்கம் நம்மவர்க்கு உண்டு!

பாண்டியன் மகள் அல்லி போர்க்கலை பயின்று, கைவிட்டுப்போன நாட்டை மீட்டு, மதுரையில் முடிசூடுகிறாள். அவள் அவையில் அமைச்சரும் படைத்தலைவியரும் காவலரும் பெண்களே. ஆடவன் துணை வேண்டா என்பது அவள் துணிபு. காதலுற்று வந்த அருச்சுனனை அவள் ஏற்கவில்லை. கண்ணனின் சூழ்ச்சியால் பாம்பு வடிவில் அரண்மனை புகுந்த அருச்சுனன், அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்தவள் வெகுண்டெழுகிறாள், எனினும் கதை அவளை மனைவியாக்கியே அடங்குகிறது.

இதே மதுரையில் தோன்றிய மற்றோர் அரசியை இங்கு நினைக்க வேண்டும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தடாதகைப் பிராட்டியும் வாளேந்தித் திசைகளை வென்றவரே. கயிலையில் இறைவனைக் கண்ட கணத்தில் மூன்றாம் தனம் மறைகிறது; வீரம் நாணமாகக் குழைகிறது. அங்கே சூழ்ச்சிக்குத் தேவை எழவில்லை. மாறுபட்ட இயல்பு ஒரு நோய்போல் வந்து, உரியவனைக் கண்டதும் நீங்கிவிடுகிறது. புராணத்தின் சொல்லழகில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மனித இயல்பைக் காட்டுவதில் நாட்டுப்பாடலே நேர்மையானது என்பேன். அருச்சுனனின் அழகு கண்டு அல்லி குழையவில்லை. விழித்திருக்கும் அல்லியை வெல்ல இயலாது என்பதை அந்த நள்ளிரவுத் தாலியே ஒப்புக்கொள்கிறது. பாடியவன் கருதிச் செய்தானோ, கதைப்போக்கில் நேர்ந்ததோ, அவ்வொப்புதல் பாட்டில் நிற்கிறது.

பெண்ணின் சினத்தைத் தமிழர் போற்றவில்லை என்று சொல்ல வரவில்லை. கண்ணகிக்குக் கோயில் எடுத்தோம். 1780-இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரை வீரமங்கை என்கிறோம். எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும்: அவ்விருவரையும் போற்றும்போது கணவனை இழந்த துயரையும் உடன்சேர்த்தே சொல்கிறோம். கணவன்பொருட்டு எழுந்த சினம் கற்பாகிறது. அல்லியோ தன்பொருட்டே வாளெடுத்தாள். தன் இயல்பு அதுவாதலின் ஆண்டாள். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்ற நான்கினுள் ஒன்றையும் அவள் எவர்க்காகவும் ஒத்திவைக்கவில்லை. அவை அவளிடம் இருந்ததே இல்லை. அவள் பெயர் வசைச்சொல் ஆனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி அருச்சுனனைப் பார்ப்போம். விராடன் நகரில் ஓராண்டு பெண்ணுடை பூண்டு, பிருகன்னளை என்ற பெயரில் இளவரசி உத்தரைக்கு நாட்டியம் கற்பித்தவன் அவன். ஆடலும் பாடலும் அவனுக்கு நன்கு வந்தன. அதனை எவரும் இழிவாக எண்ணியதில்லை. ‘காண்டீபம் ஏந்திய கை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். காண்டீபம் இல்லாத மென்மையான ஆடவனுக்கு இச்சலுகை கிடையாது. யாழ் மீட்டிய கோவலனை நம் மேடைகள் எவ்வளவு ஏசின! மாதவியிடம் சென்ற குற்றம் ஒருபுறமிருக்க, சிலம்பை விற்று வாழ வந்த அவனது பணிவையும் ஆண்மைக் குறையென்றே எண்ணுவோர் உளர். நம் பொங்கல் விழா நாடகத்துக்குப் பயிற்சி நடக்கும்போது கோலமிடவும் பூத்தொடுக்கவும் கைவந்த இளைஞன் ஒருவன் அவற்றை ஒளிந்து செய்வதை நான் கண்டதுண்டு. அவனுக்கு வில் ஒன்று கொடுத்துவிட்டால் ஊர் வாயை மூடுமோ என்னவோ!

‘பவளக்கொடி மாலை’யில் அல்லி மீண்டும் வருகிறாள். மகன் புலந்திரனுக்குப் பவளத்தேர் வேண்டுமெனக் கடல் கடந்து சென்ற அருச்சுனன், பவளக்கொடியை மணந்து திரும்புகிறான். தீவில் வாழும் நமக்கு அக்கடல்வழிப் பகுதி இனிக்கும். ஆனால் அரசிருக்கையில் நீதி வழங்கியவள் இங்கே சக்களத்தியோடு பூசலிடும் மனைவி மட்டுமே. பிற்கால நாடக மேடை கைதட்டல் பெற்றது இந்த அல்லியைக் கொண்டுதான். முன்னவளை அது பெரும்பாலும் மறந்தது. இத்தேய்வைத் திறனாய்வாளர் எவரேனும் விரிவாக ஆராய வேண்டும்.

என் பாட்டியார் தகரப் பெட்டியில் கொண்டுவந்த அல்லி அரசாணி மாலையின் முன்பக்கங்கள் விரல்பட்டு நைந்திருந்தன. இரவுகளில் உரக்கப் படிப்பார். அல்லி முடிசூடும் இடத்தை இருமுறை படிப்பார். பாம்பு வரும் பக்கத்துக்கு முன் விளக்கைக் குறைத்துவிட்டு, ‘மீதி நாளைக்கு’ என்பார். பின்பக்கங்களில் தாள் வெட்டப்படாமலே ஒட்டிக்கிடந்ததை அவர் மறைந்த பின்னரே கண்டேன்.